திகதியிட்ட காகிதம்: இலங்கையின் ஒரு பிணைமுறி வந்த வழி

2012 ஜூலை 25ஆம் திகதியிட்டு இலங்கை அரசு வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் 100 கோடி அமெரிக்க டொலர் கடன் வாங்கியது. அதற்கு எழுதிக்கொடுத்தது ஒரு பிணைமுறி. ஆண்டு வட்டி 5.875 சதவீதம். ஜனவரி 25, ஜூலை 25 என வருடத்துக்கு இரண்டு வட்டித் தவணை. பத்து வருடம் கழித்து, 2022 ஜூலை 25 அன்று, முதல் முழுவதையும் ஒரே தடவையில் திருப்பித் தர வேண்டும்.

அந்த நாளில் இலங்கை ஒரு சதமும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய ஜனாதிபதி அதற்குப் பதினொரு நாள் முன்னர் சிங்கப்பூரிலிருந்து பதவி விலகல் கடிதம் அனுப்பியிருந்தார். கடன் கொடுத்தவர்களில் ஒரு தரப்பு நியூயோர்க் நீதிமன்றத்தில் ஏற்கனவே வழக்குப் போட்டிருந்தது.

நிதிச் சந்தைகள் பெரியவையா, மக்கள் தேர்ந்தெடுத்த அரசுகள் பெரியவையா என்ற கேள்வி பல்கலைக்கழக மேடைகளில் பொதுவாகப் பேசப்படுகிறது. இந்த ஒரு முறியைப் பிறந்த நாளிலிருந்து பின்தொடர்ந்தால், பொதுப் பேச்சில் தட்டுப்படாத ஒரு விடை கிடைக்கிறது. அதிகாரம் எந்த இடத்தில், எந்த நாளில் கை மாறுகிறது என்பதை இது காட்டிக்கொடுக்கிறது.

பிறப்பு

இந்த முறிக்கு அண்ணன்மார் உண்டு. முதலாவது 2007 அக்டோபரில் வந்தது: 50 கோடி டொலர், ஐந்து வருடம், 8.25 சதவீத வட்டி. போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ரணில் விக்ரமசிங்க அந்தக் கடனைக் கடுமையாக எதிர்த்தார். தமது கட்சி ஆட்சிக்கு வந்தால் அதற்குப் பொறுப்பேற்காது என்று, விற்பனையை நடத்திய வங்கிகளுக்கே எச்சரிக்கை விடுத்தார். விற்பனை நிற்கவில்லை. அந்தக் கடன் 2012 அக்டோபரில் உரிய நாளில் அடைக்கப்பட்டது. 

2012இல் நிலைமை வேறு. போர் முடிந்து மூன்று வருடம். தெருக்களும் பாலங்களும் துறைமுகங்களும் எழுந்துகொண்டிருந்தன. இலங்கை நடுத்தர வருமான நாடாகிவிட்டதால், உலக வங்கி போன்றவை முன்பு கொடுத்த மிகக் குறைந்த வட்டிக் கடன்கள் சுருங்கி வந்தன. அமெரிக்காவில் 2008 நெருக்கடிக்குப் பிறகு வட்டி அடிமட்டத்துக்குப் போயிருந்தது. அந்த ஜூலையில் அமெரிக்க அரசின் பத்து வருடக் கடன் பத்திரம் ஏறத்தாழ 1.5 சதவீதமே தந்தது. ஓய்வூதிய நிதிகளும் முதலீட்டு நிதி நிறுவனங்களும் வட்டி தேடி உலகெங்கும் அலைந்தன. இலங்கை 5.875 சதவீதம் தருகிறது என்றதும் விண்ணப்பங்கள் விற்பனைத் தொகையைப் பல மடங்கு தாண்டின. கொழும்பில் அதை நாட்டின் மீது உலகம் வைத்த நம்பிக்கையாகக் கொண்டாடினார்கள். நியூயோர்க்கிலும் இலண்டனிலும் அது இலாபக் கணக்கு.

இந்த முறியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. இப்படிப்பட்ட முறிகளை ஒவ்வொரு முதலீட்டாளருக்கும் அச்சிட்டுக் கொடுப்பதில்லை. முழுத் தொகைக்குமான பத்திரம் அமெரிக்காவின் மத்திய வைப்பகத்தில் கிடக்கும். அதன் பதிவுபெற்ற உரிமையாளர் 'சீட் அண்ட் கோ' என்ற பெயர் மட்டும்தான். அந்த வைப்பகத்தின் பெயராள் அது. உண்மையில் பணம் போட்டவர்களின் உரிமை கணினிப் பதிவுகளாக, வங்கிக்கு வங்கி, தரகருக்குத் தரகர் நகர்ந்துகொண்டிருக்கும். கடன் பட்ட நாட்டுக்குத் தன் கடன்காரர் யார் என்று ஒரு நாளும் முழுமையாகத் தெரியாது.

முறியின் உடலைவிட அதன் ஒப்பந்தம் முக்கியமானது. அதில் நான்கு விடயங்கள் இருந்தன. கடன் டொலரில், ரூபாயில் அடைக்க முடியாது. சட்டம் நியூயோர்க் மாநிலச் சட்டம்; இலங்கைப் பாராளுமன்றம் என்ன சட்டம் இயற்றினாலும் இந்தத் தாளின் ஓர் எழுத்தும் மாறாது. வழக்கு வந்தால், இறைமையுள்ள நாடு என்ற பாதுகாப்பைக் கோரப் போவதில்லை என்று இலங்கை முன்கூட்டியே எழுதிக்கொடுத்தது. நான்காவது, நிபந்தனைகளை மாற்ற வேண்டுமானால் இந்த முறித் தொடரை வைத்திருப்போரில் பெறுமதிப்படி 75 சதவீதத்தினர் சம்மதிக்க வேண்டும். அதாவது, கால்வாசிக்கு மேல் வாங்கிச் சேர்த்த ஒருவர் 'முடியாது' என்றால் முடியாதுதான்.

இந்த நான்கும் பாராளுமன்றத்தில் வரி வரியாக விவாதிக்கப்படவில்லை. பாராளுமன்றம் செய்வது ஒன்று: ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் அரசு கடன் வாங்கக்கூடிய உச்ச வரம்பை நிறைவேற்றுவது. அந்த வரம்புக்குள் எந்த நாணயத்தில், எந்தச் சட்டத்தின் கீழ், யாரிடம் வாங்குவது என்பதை அமைச்சரவையும் திறைசேரியும் மத்திய வங்கியும் பார்த்துக்கொள்ளும். வன்னியிலோ நுவரெலியாவிலோ வாக்குப் போட்ட ஒருவருக்கு, தன் பெயரில் தன் பிள்ளைகளின் காலம்வரை நீளும் ஒரு வாக்குறுதி நியூயோர்க்கில் கையெழுத்தாகிறது என்பது தெரியாது. அதிகாரம் கை மாறிய நாள் அதுதான். அன்று எந்தச் சந்தையும் எந்த அரசையும் மிரட்டவில்லை. அரசு தானாகவே எழுதிக்கொடுத்தது.

அமைதியான வருடங்கள்

அடுத்த ஒன்பதரை வருடம் இந்த முறியின் வாழ்வில் சத்தம் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை 2 கோடியே 93 இலட்சத்து 75 ஆயிரம் டொலர் கொழும்பிலிருந்து புறப்பட்டது. 2013 ஜனவரி முதல் 2022 ஜனவரி வரை பத்தொன்பது தவணை. கூட்டினால் ஏறத்தாழ 55.8 கோடி டொலர். முதல் தொகையில் பாதிக்கு மேல் வட்டியாகவே போய்விட்டது.

அந்த வருடங்களில் நாடு அமைதியாக இருக்கவில்லை. 2015 ஜனவரி 8 தேர்தலில் மகிந்த ராஜபக்ச தோற்றார், மைத்திரிபால சிறிசேன வென்றார். வடக்கிலும் கிழக்கிலும் மக்கள் பெருந்திரளாக வாக்களித்து அந்த மாற்றத்துக்குத் துணை நின்றார்கள். பதினேழு நாள் கழித்து, ஜனவரி 25 அன்று, வட்டித் தவணைக்குரிய நாள் வந்தது, தவணை போனது. 2018 இறுதியில் ஐம்பது நாளுக்கு மேல் பிரதமர் யார் என்பதே தெரியாமல் நாடு தவித்தது. நாடுகளின் கடன் தகுதியைத் தரமிடும் பெரிய நிறுவனங்கள் மூன்றும் இலங்கையின் மதிப்பைக் குறைத்தன. அப்படியிருந்தும் 2019 ஜனவரியில் முதிர்ந்த இன்னொரு 100 கோடி டொலர் முறி உரிய திகதியில் அடைக்கப்பட்டது. அரசு தடுமாறியது, திகதி தடுமாறவில்லை.

அடைத்தது எதைக் கொண்டு? இன்னொரு முறியைக் கொண்டு. வீட்டில் ஒரு நகையை மீட்க இன்னொரு நகையை அடகு வைப்பது போலத்தான் இது நடந்தது. 2007இலிருந்து 2019 வரை இலங்கை விற்ற பிணைமுறிகளின் தொகை 1,700 கோடி டொலரைத் தாண்டியது. இதில் கட்சி வேறுபாடு கிடையாது. தொடங்கியது ராஜபக்ச ஆட்சி. அதில் பெரும்பகுதியை விற்றது 2015இல் வந்த நல்லாட்சி அரசு. 2007இல் இந்த வகைக் கடனை எதிர்த்த ரணில் விக்ரமசிங்க அந்த அரசின் பிரதமர். எதிர்க்கட்சியில் இருக்கும்போது மறுத்த கடனை ஆட்சிக்கு வந்ததும் பெருக்க வேண்டியிருந்தது. பழைய முறிகளின் திகதிகள் அவருக்காகக் காத்திருந்தன.

சலுகைக் கடன் என்றால் நாற்பது வருடம் தவணை கிடைக்கும். கொடுப்பவர் ஒரு நாடாக இருந்தால் பேசித் தள்ளிப்போடலாம். பிணைமுறிக்கு ஐந்து அல்லது பத்து வருடம்தான். முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் அவகாசம் கேட்கவும் முடியாது. 2021இல் இலங்கை அரசின் வெளிநாட்டுக் கடனில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இந்த முறிகளாகவே இருந்தன.

அரசு தன் அதிகாரத்தைக் காட்டிய நாள்

இதைச் சொல்லும்போது ஒரு நேர்மை வேண்டும். எல்லாப் பழியையும் சந்தையின் தலையில் போட்டுவிட்டால், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கையில் அதிகாரமே இல்லை என்றாகிவிடும். அது உண்மையல்ல.

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச பெரும் வெற்றி பெற்றார். பதவியேற்ற சில நாட்களில் வற் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார். வருமான வரி கட்டத் தேவையில்லாதோரின் வட்டம் பெருத்தது. வெளிநாட்டுச் சந்தை கேட்டு நடந்ததல்ல இது, தேர்தல் வாக்குறுதி. வரி வருமானம் சரிந்தது. 2020இல் கொரோனா வந்து சுற்றுலாவை அடைத்தது. மூன்று தரமிடல் நிறுவனங்களும் இலங்கையைக் கீழ்த்தட்டுக்கு இறக்கின. புதிய முறி விற்க முடியாத நிலை. பழையதை அடைக்கப் புதியது வாங்கும் வழி அத்துடன் மூடிவிட்டது. 2021 வசந்தத்தில் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்தார்கள். வயலில் நின்றவனைக் கேளாமல் எடுத்த முடிவு. நெல்லும் தேயிலையும் விழுந்தன. 

ஆக, தவறு செய்யும் அதிகாரம் அரசிடம் முழுமையாகவே இருந்தது. தவறிய பின் திருத்திக்கொள்ளும் அவகாசம்தான் அதன் கையில் இல்லை. அந்த அவகாசம் முறிகளின் திகதிகளில் அடைபட்டிருந்தது.

2022

2022 ஜனவரி 18 அன்று வேறொரு 50 கோடி டொலர் முறி முதிர்ந்தது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லாத நேரம். அதைக் கட்டாதீர்கள், கடன்காரர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்று பொருளியலாளர் பலர் மன்றாடினார்கள். மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால் கட்டினார். ஒரு வாரம் கழித்து நமது முறியின் பத்தொன்பதாவது வட்டித் தவணைக்கான நாளும் வந்தது.

அடுத்து நடந்தவற்றை இலங்கையர் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்ச் மாதம் ரூபாயை மிதக்க விட்டார்கள்; 200 ரூபாய் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் வரிசையிலேயே செத்தார்கள். கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. மண்ணெண்ணெய் இல்லாமல் வடக்கின் மீன்பிடி வள்ளங்கள் கரையில் கிடந்தன. மார்ச் 22 அன்று குழந்தைகளுடன் பதினாறு தமிழர் இரண்டு தொகுதியாகக் கடல் கடந்து இராமேசுவரம் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போர்க்காலத்தில் ஓடிய அதே கடல் வழி. இம்முறை துரத்தியது அரிசி விலையும் பால்மா விலையும்.

ஏப்ரல் 12ஆம் திகதி அரசு அறிவித்தது: வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்துகிறோம். சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கை அப்படிச் சொன்னது அதுவே முதல் முறை. கட்டாமல் விட்ட முதல் வட்டித் தவணை 7.8 கோடி டொலர். அதற்கான முப்பது நாள் அவகாசம் மே 18 அன்று முடிந்தது. முள்ளிவாய்க்கால் நினைவு நாள் அது. அதே நாளில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாடு அரசு அனுப்பிய அரிசியும் பால்மாவும் மருந்தும் ஏற்றிய முதல் கப்பல் கொழும்புக்குக் கிளம்பியது. அந்த மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி, கையில் எடுத்துச் செலவிடக்கூடிய டொலர் 5 கோடிகூட இல்லை என்று பாராளுமன்றத்தில் சொல்லியிருந்தார்.

கட்டமாட்டோம் என்று சொன்ன பிறகு எந்தப் போர்க்கப்பலும் வரவில்லை. எந்தத் துறைமுகத்தையும் கடன்காரர்கள் கைப்பற்றவில்லை. முறியின் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. கடைசி எல்லையில் ஓர் அரசு 'இல்லை' என்று சொல்லலாம், சொன்னது. அந்த 'இல்லை' இரண்டு வருடம் முந்தி, கையில் டொலர் இருந்தபோது சொல்லப்பட்டிருந்தால் வரிசைகள் இவ்வளவு நீண்டிருக்காது. சந்தையின் அதிகாரத்தில் பெரும்பகுதி, அதைக் கோபப்படுத்தக் கூடாதென்று அரசு கொண்ட அச்சம்தான்.

ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 13இல் கோட்டாபய மாலைதீவுக்குப் பறந்தார், 14இல் விலகினார். 20ஆம் திகதி பாராளுமன்றம் ரணில் விக்ரமசிங்கவை ஜனாதிபதியாக்கியது. ஐந்து நாள் கழித்து நமது முறி முதிர்ந்தது. தெருவில் இறங்கிய மக்களால் ஒரு ஜனாதிபதியை விரட்ட முடிந்தது. முறியின் ஒரு நிபந்தனையை மாற்ற அவர்களால் முடியவில்லை.

நீதிமன்றத்தில்

முதிர்வுக்கு ஒரு மாதம் முன்னர், ஜூன் 21 அன்று, ஹமில்டன் ரிசேர்வ் வங்கி நியூயோர்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்தது. கரீபியன் தீவு நாடான சென் கிட்ஸ் நெவிஸில் பதிவான வங்கி அது. இந்த முறித் தொடரில் 25 கோடி டொலருக்குச் சற்று மேலான பங்கு தன்னிடம் இருப்பதாகவும், முதலும் வட்டியும் முழுதாக வேண்டும் என்றும் கேட்டது. 100 கோடியில் 25 கோடிக்கு மேல்: அந்த 75 சதவீதச் சம்மதம் கிடைக்காமல் தடுத்து நிறுத்தப் போதுமான அளவு.

முறியின் பிறப்பில் இருந்த ஒவ்வொரு வரியும் இப்போது உயிர் பெற்றது. இலங்கைத் தரப்பு வாதிட்டது: பதிவுபெற்ற உரிமையாளர் சீட் அண்ட் கோ, ஹமில்டன் அல்ல. ஹமில்டன் சீட் அண்ட் கோவிடம் அனுமதிக் கடிதம் வாங்கி வந்தது. 2023 மார்ச்சில் நீதிபதி டெனிஸ் கோட் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தார். இலங்கை அவகாசம் கேட்டது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்று அரசுகளும் அதை ஆதரித்தன. ஒருவர் மட்டும் முழுப்பணம் பெற்றால் கடன் மறுசீரமைப்பே குலையும் என்பது அவர்களின் கவலை. 2023 நவம்பரில் நீதிபதி வழக்கை நிறுத்திவைத்தார், பிறகும் நீட்டினார்.

இதில் கவனிக்க வேண்டியது உண்டு. தனியார் வங்கி ஒன்றின் உரிமையைத் தற்காலிகமாகவேனும் நிறுத்தியது நீதிமன்றமும் மூன்று அரசுகளின் குரலும். ஆனால் அவை எதுவும் இலங்கையர் தேர்ந்தெடுத்தவை அல்ல. இரண்டு கோடி மக்கள் வாழும் ஒரு நாட்டின் கடன் விதி மன்ஹாட்டனில் ஒரு நீதிபதியின் மேசையில் கிடந்தது. 

யார் கட்டினார்கள்

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் நான்கு வருடத்துக்கு ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு ஒப்புதல் கொடுத்தது. அதற்கு முன்பும் பின்பும் நிபந்தனைகள் நிறைவேறின. வற் வரி 8இலிருந்து 12, 15, 2024 ஜனவரியில் 18 சதவீதம். மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதமும் அடுத்த பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. பணவீக்கம் 2022 செப்டம்பரில் 69.8 சதவீதத்தை எட்டியிருந்தது. உலக வங்கியின் மதிப்பீட்டில் வறுமையில் உள்ளோர் விகிதம் 2021இல் 13, மறுவருடம் 25.

உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைக்க வேண்டும் என்றானது. 2023 ஜூலை முதலாம் திகதி, சனிக்கிழமை, பாராளுமன்றம் 122க்கு 62 என்ற வாக்கில் அதை ஏற்றது. வணிக வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. ஊழியர் சேமலாப நிதியத்தின் முறிகளை நீண்ட காலத்துக்கு மாற்றி, 2025 வரை 12 சதவீதம், பிறகு 9 சதவீதம் என்று வட்டியை வரையறுத்தார்கள். ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும், கடைச் சிப்பந்தியும், மலையகத்தில் கொழுந்து பறித்து ஓய்வுக்காகக் கழித்துவைத்த தொழிலாளியும் சேர்த்த பணம் அது. நியூயோர்க்கின் முறிக்குச் சட்டத்தரணிகள் இருந்தார்கள். பிளக்ரொக், அமுண்டி போன்ற முதலீட்டு நிறுவனங்கள் குழு அமைத்து ஆலோசகர்களை வைத்திருந்தன. தோட்டத் தொழிலாளியின் சேமிப்புக்கு அந்த மேசையில் நாற்காலி போடப்படவில்லை.

இன்னொன்று இதைவிட ஆழமாகச் சுட்டது. 2023 மார்ச் 9 அன்று உள்ளூராட்சித் தேர்தல் நடக்க வேண்டியிருந்தது. பணம் இல்லை என்றது திறைசேரி. தேர்தல் ஏப்ரலுக்குப் போனது, பிறகு காலவரையறை இன்றித் தள்ளிப்போனது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. வாக்குப் பெட்டிகள் திறந்தது 2025 மே 6இல். கடன் நெருக்கடி ஒரு நாட்டின் வாக்குரிமையையே செலவுக் கணக்கில் ஒரு வரியாக்கியது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. அன்று கையில் இருந்த பணத்தில் எதற்கு முதலிடம் என்று தீர்மானித்தவர்களும் அரசில் இருந்தவர்கள்தான்.

இலண்டனில் அதே வருடம்

அதே 2022இல் பிரிட்டனிலும் சந்தை ஓர் அரசைக் கவிழ்த்தது. செப்டம்பர் 23 அன்று லிஸ் டிரஸ் அரசு, பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் பெரும் வரிக்குறைப்பை அறிவித்தது. அரசின் கடன் பத்திரங்கள் சரிந்தன. ஓய்வூதிய நிதிகள் தள்ளாடின. ஐந்தாம் நாள் இங்கிலாந்து வங்கி இறங்கி, 6,500 கோடி பவுண்டு வரை பத்திரங்களை வாங்கத் தயார் என்றது. சந்தை அடங்கியது. டிரஸ் பதவியேற்று ஐம்பது நாள் ஆகும் முன்பே விலகலை அறிவித்தார்.

அங்கே பிரதமர் போனார், மருந்து தீரவில்லை. காரணம், அந்தப் பத்திரங்கள் பவுண்டில், பிரிட்டன் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டவை. பவுண்டை உருவாக்கும் மத்திய வங்கி அவர்களுடையது. கொழும்பால் டொலரை உருவாக்க முடியாது. நியூயோர்க் சட்டத்தைத் திருத்த முடியாது. சந்தை எல்லா அரசுக்கும் ஒரே அளவில் எசமான் அல்ல. யாருடைய நாணயம், யாருடைய சட்டம், எத்தனை வருடத் தவணை என்பவையே அதன் பலத்தை நிர்ணயிக்கின்றன.

மறுபிறப்பு

2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். அதற்கு இரண்டு நாள் முன்னர், 19ஆம் திகதி, பதவியில் இருந்த அரசு முறி வைத்திருந்தோருடன் கொள்கையளவில் உடன்பாடு செய்தது. தேர்தலில் வென்றவர் அநுர குமார திசாநாயக்க. கடன் நிலையை நாமே புதிதாக ஆராய்ந்து, மக்களுக்குச் சுமை குறையும்படி பேசுவோம் என்றவர். அக்டோபர் 4 அன்று அவரது அரசு அந்த உடன்பாட்டை அப்படியே ஏற்றது. நவம்பரில் அவரது தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனம் வென்றது, யாழ்ப்பாணத்தில்கூட முதலிடம். நாட்டின் அரசியலமைப்பை மாற்றும் பலம் கிடைத்தது. ஜனாதிபதித் தேர்தலுக்கு இரு நாள் முன் எழுதிய தாளை மாற்றும் பலம் கிடைக்கவில்லை.

டிசம்பரில் ஏறத்தாழ 1,250 கோடி டொலர் முறிகள் புதியவையாக மாற்றப்பட்டன. 98 சதவீதம் அளவில் உரிமையாளர்கள் சேர்ந்தார்கள். முதல் தொகையில் 27 சதவீதம் கழித்துத் தொடங்கும் முக்கிய முறி வகைக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது: 2025 முதல் 2027 வரை டொலர் கணக்கில் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வளர்ந்தால், 2028 முதல் கடன்காரருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நாடு நிமிர்ந்தால் அந்த நிமிர்விலும் அவர்களுக்குப் பங்கு. சரிந்தால் கொடுப்பனவு குறையும்; அது ஓரளவு பாதுகாப்பு. ஹமில்டனின் 25 கோடி வெளியே நின்று வழக்கைத் தொடர்ந்தது.

இந்தத் தாள் சொல்வது

சந்தை, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைவிடப் பெரியதா? இந்த முறியின் பாதையைப் பார்த்தவர் சொல்லக்கூடிய விடை: கையெழுத்திடும் வரை அரசு பெரியது, கையெழுத்திட்ட பின் திகதி பெரியது. அரசு மாறும், ஜனாதிபதி ஓடுவார், மக்கள் தெருவை நிறைப்பார்கள், திகதி நகராது. ஆகவே சனநாயகம் காவல் நிற்க வேண்டிய இடம் கையெழுத்துக்கு முந்திய நாள். 

இதற்கான வேலைகள் கைக்கெட்டாதவை அல்ல. 2024இல் இலங்கை பொதுப் படுகடன் முகாமைத்துவச் சட்டத்தை நிறைவேற்றி, கடன் வாங்கும் பொறுப்பைத் தனி அலுவலகத்திடம் கொடுத்தது. அது தொடக்கம் மட்டுமே. வெளிநாட்டு நாணயத்தில் எழுதும் ஒவ்வொரு முறியின் முழு நிபந்தனையும் சிங்களத்திலும் தமிழிலும் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டு, குழுவில் கேள்விக்குட்பட்டு, வாக்குப் பெற்ற பின்பே கையெழுத்தாக வேண்டும். ஒரே வருடத்தில் இவ்வளவுக்கு மேல் முதிரக்கூடாது என்ற எல்லை சட்டத்தில் இருக்க வேண்டும். வரியைக் குறைப்பேன் என்று மேடையில் சொல்பவரிடம், அந்த இடைவெளியை எந்த நாணயத்துக் கடன் நிரப்பும் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். 

வெளியிலும் வழி உண்டு. பிரிட்டன் 2010இல் ஒரு சட்டம் இயற்றி, மிக ஏழை நாடுகளின் பழைய கடன்களை மலிவாக வாங்கி முழுத்தொகைக்கு வழக்குப் போடுவோரைத் தன் நீதிமன்றங்களில் தடுத்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஒரு பாராளுமன்றம் நினைத்தால் இந்தச் சந்தைக்கு எல்லை போட முடியும் என்பதற்கு அதுவே சான்று. சர்வதேசச் சந்தையில் விற்கப்படும் இறைமைக் கடன் முறிகளில் பெரும்பங்கு நியூயோர்க், இங்கிலாந்து சட்டங்களின் கீழ் எழுதப்படுகிறது. அதே போன்ற சட்டம் அந்த இரண்டு இடங்களிலும் எல்லாக் கடனாளி நாடுகளுக்கும் வந்தால், அடுத்த ஹமில்டனுக்கு வழி அடைபடும்.

சந்தையின் பலம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஒவ்வொரு துளியும் ஏதோ ஒரு பாராளுமன்றத்தின் சட்டமும் ஏதோ ஓர் அமைச்சரின் கையெழுத்தும் கொடுத்தது. கொடுத்தவர்களால் அளந்து கொடுக்கவும் முடியும். இலங்கை மீண்டும் ஒரு நாள் இந்தச் சந்தைக்குப் போகத்தான் போகிறது. அன்று எழுதப்படும் தாளை, அதைக் கட்டப் போகிறவர்கள் முதலில் வாசித்திருக்க வேண்டும்.